பில்லிங் சாஃப்ட்வேர் மாற்றுகிறீர்களா? முதலில் மைனஸ் ஸ்டாக்கைப் பாருங்கள்

ஐந்தாறு கிளை உள்ள சூப்பர் மார்க்கெட்டில் சாஃப்ட்வேரைப் புதுப் பதிப்புக்கு ஏற்றும்போது, இன்ஸ்டால் செய்வதில் பெரிய தொல்லை வருவதில்லை. பழைய சிஸ்டத்தில் பாதியில் நின்றுபோன கணக்குகள்தான் காலை வாரும்.

அதில் முதல் இடம் மைனஸ் ஸ்டாக்குக்கு. சரக்கு இறங்கிவிட்டது, பர்சேஸ் என்ட்ரி போடவில்லை, அதற்குள் கவுன்டரில் 40 பாக்கெட் போய்விட்டது. பழைய சிஸ்டம் மைனஸ் 40 என்று காட்டும். டேட்டாவை மாற்றும் புரோகிராம்கள் சில, மைனஸை 0 என்று எடுத்துக்கொள்ளும். மறுநாள் அதே சரக்குக்குப் புது சிஸ்டத்தில் 100 என்று என்ட்ரி போட்டால், கணினியில் 100, ரேக்கில் 60. அடுத்த ஸ்டாக் எடுப்பில் அந்த 40 களவுக் கணக்கில் விழும், பழி கடைப் பையன்கள் மேல் விழும். மாற்றத்துக்குப் பத்து நாள் முன்பிருந்தே கிளைவாரியாக மைனஸ் பட்டியலைத் தினமும் எடுத்து, கடைசி நாளில் ஒரு வரிகூட இல்லாமல் ஆக்குங்கள். குடோனிலிருந்து அனுப்பி, கிளை இன்னும் ஏற்காத டிரான்ஸ்ஃபரும் இதே ரகம். இரண்டு நாள் முன்பே அனுப்புவதை நிறுத்தி, நிலுவையில் உள்ளதை எல்லாம் ஏற்க வையுங்கள். கடன் பாக்கி, பாயிண்ட், கிஃப்ட் வவுச்சர் ஆகியவற்றின் மொத்தத்தை, மாற்றிய பின் ஒப்பிடுவதற்காகத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எம்ஆர்பி, அதாவது பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலை. நம் ஊரில் ஒரே பார்கோடில் 52 ரூபாய் பழைய சரக்கும் 55 ரூபாய் புதுச் சரக்கும் ஒன்றாக ரேக்கில் இருக்கும். ஐட்டத்துக்கு ஒரே விலை என்று வைத்திருக்கும் மென்பொருளில் இரண்டும் ஒன்றாகிவிடும். 52 அச்சிட்ட பாக்கெட்டுக்கு 55 பில் போடுவது சட்டப்படியே தவறு. ஸ்டாக்கை எம்ஆர்பி வாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். வாங்குவது கேஸ், விற்பது பீஸ் என்றால் அதையும் பாருங்கள். 24 பீஸ் கொண்ட கேஸ் 10 என்பது, 240 பீஸ் ஆகாமல் 10 பீஸாக ஏறிய கதைகள் நிறைய.

ஐட்டம் மாஸ்டரை, அதாவது எல்லாப் பொருள்களின் பட்டியலை, எக்செலில் திறந்து ‘சரிபார்ப்பது’ தனி ஆபத்து. 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடை அது 8.9E+12 என்பது போலச் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னிலக்கங்கள் போய்விடும். 0-வில் தொடங்கும் கோடுகளில் அந்த 0 காணாமல் போகும். இறக்கும்போதே பார்கோடு உள்ள நெடுவரிசையை டெக்ஸ்டாக வைக்க வேண்டும். தராசு ஸ்டிக்கரின் அமைப்பையும் எழுதி வையுங்கள். 2-இல் தொடங்கும் அதன் பார்கோடு எண்ணில் சில இலக்கம் ஐட்டம், சில இலக்கம் எடை அல்லது விலை. 01250 என்பது ஒரு சிஸ்டத்துக்கு 1.250 கிலோ, இன்னொன்றுக்கு 12 ரூபாய் 50 காசு.

வரியில் இரண்டு கண்ணிகள். 2025 செப்டம்பர் 22-இல் ஷாம்பு, பற்பசை போன்றவை 18-லிருந்து 5 சதவீதமாகின. அதற்கு முன் வாங்கிய சரக்கைக் காலாவதி என்று சப்ளையருக்குத் திருப்பி, அவர் கிரெடிட் நோட் (வரவுச் சீட்டு) போட்டால், வாங்கிய அன்றைய 18 சதவீதத்தில்தான் ரிட்டர்ன் போக வேண்டும். பழைய பர்சேஸ் பில் புது சிஸ்டத்தில் இல்லையென்றால் அது 5 என்று கணக்குப் போடும். இரண்டாவது, பில் எண். 16 எழுத்துக்குள், நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் அதே முன்னெழுத்தோடு 1-லிருந்து தொடங்கினால், இ-இன்வாய்ஸ் எடுக்கும் பில்களை (அரசு போர்ட்டலில் பதியும் பில்கள்) அந்தப் போர்ட்டல் நகல் என்று திருப்பிவிடும். முன்னெழுத்தை மாற்றிவிடுங்கள், போதும்.

தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். டேட்டாபேஸில் பெயர் நெடுவரிசை யூனிகோடு ஏற்காத வகையாக இருந்தால் எழுத்தெல்லாம் ‘????’ என்று ஆகிவிடும். பெரும்பாலான தெர்மல் பிரின்டர்களுக்குத் தமிழ் தெரியாது. படமாகத்தான் அனுப்ப வேண்டும். பில் மெதுவாக வரும். 40 வரி பில் ஒன்றைக் கடிகாரம் வைத்து அடித்துப் பாருங்கள். கவுன்டர்களை விண்டோஸ் 11-க்கு மாற்றுவதும் சேர்ந்தே நடந்தால், அது 64 பிட் மட்டும்தான். பழைய 32 பிட் பிரின்டர் டிரைவர் ஏறாது.

மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் ஓடும் கடைகள் டேட்டாபேஸ் அளவைப் பார்க்க வேண்டும். 2022 பதிப்பு வரை வரம்பு 10 ஜிபி. நிரம்பினால் புதுப் பில் பதிவாகாது, அதுவும் கூட்ட நேரத்தில்.

“ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள்” என்ற யோசனை கவுன்டரில் நடக்காது. வரிசையில் ஆள் நிற்கும்போது யார் இரண்டு முறை பில் போடுவது? ஒரு சனிக்கிழமையின் மொத்த பில்களையும் சோதனை காப்பியில் திரும்ப ஓட்டி, விற்பனை மொத்தம், சதவீதவாரி வரி, இறுதி ஸ்டாக் மதிப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். காசு வித்தியாசம் வந்தால் ரவுண்டிங்தான். 18 சதவீத வரியில் 10 ரூபாய் சலவைத் தூளுக்கு வரிக்கு முந்தைய விலை 8.47, மத்திய, மாநில ஜிஎஸ்டி இரண்டும் தலா 0.76, கூட்டினால் 9.99. அந்த ஒரு காசு எங்கே போகிறது என்று மென்பொருள்காரர் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் மாற்றும் கிளை, உள்ளதிலேயே சின்னதாக இருக்கக் கூடாது. தராசு, டோர் டெலிவரி, ஜிஎஸ்டி எண்ணோடு வாங்கும் ஹோட்டல்காரர் எல்லாம் உள்ள நடுத்தரக் கிளைதான் குறையைக் காட்டும். நாள், மாதத்தின் 20 முதல் 26-க்குள் வரும் செவ்வாய் இரவு: சம்பள வாரக் கூட்டம் இல்லை, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலும் முடிந்திருக்கும். ஆடி, தீபாவளி, பொங்கலை ஒட்டி வேண்டவே வேண்டாம்.

பழையதற்குத் திரும்பும் கடைசி நேரத்தை முன்பே எழுதி வையுங்கள், உதாரணமாகக் காலை 11 மணி. அதன் பின் புதுப் பில்கள் குவிந்துவிடும். கையால் திரும்ப ஏற்ற முடியாது. புதிய எஸ்க்யூஎல் பதிப்பில் ஏறிய டேட்டாபேஸைப் பழைய பதிப்பில் ரீஸ்டோர் செய்யவும் முடியாது. எனவே ஏற்றுவதற்கு முன் எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, பில் திறக்கிறதா என்று அன்றிரவே பாருங்கள். ஜிஎஸ்டி பதிவுகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், பழைய சாஃப்ட்வேரின் லைசென்ஸ் டாங்கிளை (அது ஓடத் தேவையான யூஎஸ்பி சாவி) திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.