ஏழாவது கம்பி

திருச்சியில் கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பத்து ஆண்டுகள் ரேடியோகிராபி எடுத்தேன்: வெல்டிங்கின் ஒரு பக்கம் கதிரியக்கத் துண்டு, மறுபக்கம் பிலிம்; உள்ளே குறை இருந்தால் நிழலாகத் தெரியும். 60 மி.மீ. எஃகு வரை இரிடியம்-192 போதும். அதைவிடத் தடித்தால் கோபால்ட்-60. ஆட்கள் வீட்டுக்குப் போனபின், யாரும் நெருங்காதபடி கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு, இரவோடு இரவாக எடுப்போம்.

ஒருமுறை 120 மி.மீ. வெல்டிங்கின் பிலிமில் மயிரிழைபோல ஒரு நிழல். விரிசல் என்று அடித்துச் சொன்னேன். இரண்டு நாள் குடைந்து பார்த்ததில் கிடைத்தது, விதிப்படி விட்டுவிடக்கூடிய சிறு கசடு. வெல்டர் அதன்பின் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

குழப்பம் கோபால்ட் துண்டின் அகலத்தில் இருந்தது. திரி விளக்கின் முன் விரலை நீட்டினால் சுவரில் நிழல் கூர்மையாக விழும். குழல் விளக்கின் முன் நீட்டினால் கலங்கும். எங்கள் துண்டின் அகலம் 3 மி.மீ. இருக்கும். அதைப் பிலிமிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலும் விளிம்பு 0.4 மி.மீ. கலங்கிவிடும். இன்னும் தள்ளினால் விடியும்வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு இங்கிலாந்தில் ஒரு லேசர் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே கதிரியக்கத் துண்டே கிடையாது. லேசர் துடிப்பு ஒன்று வாயுவுக்குள் பாய்கிறது. படகின் பின்னால் எழும் அலைபோல அதன் பின்னே பிளாஸ்மாவில் (எலக்ட்ரான்கள் பிரிந்த வாயுவில்) அலை எழ, எலக்ட்ரான்கள் அதில் ஏறிக்கொள்கின்றன. 1979-இல் இயற்பியலாளர்கள் தாஜிமாவும் டாசனும் எழுதிய யோசனை இது. சாதாரண முடுக்கியில் பல மீட்டர் ஓடிப் பெறும் ஆற்றலை இங்கே ஓரிரு சென்டிமீட்டரிலேயே பெற்றுவிடுகின்றன. அவை டான்டலம் என்ற உலோகத் தகட்டில் மோதி நிற்கும்போது, தடித்த எஃகையும் துளைக்கும் எக்ஸ்-கதிர் பிறக்கிறது. அது பிறக்கும் புள்ளியோ கோபால்ட் துண்டைவிடப் பல மடங்கு சிறியது. லேசரை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கயிறு கட்டிய கைகளுக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் கோபால்ட் பெட்டியை லாரியில் ஏற்றிவிடலாம். இது ஒரு கூடத்தையே அடைத்துக்கொள்கிறது. ஒரு துடிப்பில் வரும் கதிரும் போதாது, பல துடிப்புகளைச் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் எழுந்துள்ள எபாக் (EPAC) லேசர் மையம் நொடிக்கு 10 துடிப்புகளைக் குறிவைப்பது வீணுக்கல்ல.

முதல் நாள் 120 மி.மீ. எஃகுக் கட்டையை வைத்தார்கள். பழைய பழக்கத்தில் பையிலிருந்த, படத் தெளிவைச் சோதிக்கும் பெனிட்ராமீட்டரை அதன்மேல் ஒட்டினேன்: ஒன்றைவிட ஒன்று மெலிந்த ஏழு கம்பிகள். கோபால்ட்டில் ஐந்தாவதைத் தாண்டியதில்லை. திரையில் ஆறாவது தெளிவாக நின்றது. ஏழாவதும் தெரிகிறது என்றேன். "அது உங்கள் ஆசை" என்றார் பக்கத்தில் இருந்த இயற்பியலாளர். அறை விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் பார்த்தோம்.