ஒரு கேஸ் ஷீட்டுக்காக அரும்பாக்கம் வரை

2022-ல் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனை, பழகிய டாக்டர், நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பதினைந்து நாள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கொதிக்க, அப்படியே காரில் போட்டுத் திருச்சிக்குக் கொண்டுபோனோம். அங்கே டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "உள்ளே மெஷ் வெச்சாங்களா? என்ன மெஷ்? ஆபரேஷன் நோட்ஸ் எங்கே?" மெஷ் என்றால் குடலிறக்கம் திரும்ப வராமல் இருக்க உள்ளே வைக்கும் வலை. எங்கள் கையில் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி ஒரு தாள். மெஷ் என்ற வார்த்தையே அதில் இல்லை.

தம்பி முதல் மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தான். டாக்டர் ஊரில் இல்லை என்றார்கள், ரெக்கார்ட் ரூம் சாவி இல்லை என்றார்கள், கடைசியில் டாக்டரே "அதெல்லாம் வெளியில குடுக்குற வழக்கம் இல்லப்பா" என்று அனுப்பிவிட்டார். திருச்சியில் ஸ்கேன் எடுத்து, திரும்பத் திறந்து பார்த்துக் காப்பாற்றினார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் ஐசியூ வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒரு காகிதத்துக்காகக் கெஞ்சியதை என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் நான் போனது ஊர் மருத்துவர் சங்கக் கிளைக்கு. அதன் தலைவர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். "நான் அவர்கிட்ட பேசுறேன்மா, ஆனா சங்கத்தால உறுப்பினரைக் கூப்பிட்டுச் சொல்ல முடியும், மிஞ்சிப்போனா சங்கத்துலேருந்து நீக்கலாம். ரிஜிஸ்ட்ரேஷன்ல கை வைக்கிற அதிகாரம் கவுன்சிலுக்குத்தான்" என்றார். பலருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, எனக்கும் அன்றுதான் தெரிந்தது. இந்திய மருத்துவச் சங்கம் 1928-ல் தொடங்கியது, டாக்டர்கள் விரும்பிச் சேரும் அமைப்பு. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அப்படியல்ல, 1914-ம் வருடச் சட்டத்தின்படி வந்தது, டாக்டர்களின் பதிவேடு அங்கேதான் இருக்கிறது. தொழில் நடத்தை பற்றிய புகாரை அங்கே கொடுக்க வேண்டும்.

சரி என்று உட்கார்ந்து ஏழு பக்கம் எழுதினேன். எல்லாம் கோபம். தெரிந்த ஒரு வக்கீல் அக்கா படித்துவிட்டு, "இன்ஃபெக்‌ஷன் யாருக்கும் வரலாம், அதை வெச்சு ஆரம்பிச்சா வாதம் வேற பக்கம் போயிடும். ரெக்கார்ட் குடுக்கலைல்ல, அதைப் பிடி" என்றார். 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளை எடுத்துக் காட்டினார். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், கொடுக்க மறுப்பது விதி 7.2-ன்படி தொழில்முறை ஒழுங்கீனம். இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதை மூன்று நாளும் யாருமே எங்களிடம் சொல்லவில்லையே என்று அழுகைதான் வந்தது.

தம்பி வாயால்தான் கேட்டிருந்தான். அதனால் அக்கா சொன்னபடி முதலில் அப்பா கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அட்டை சீல் குத்தித் திரும்பி வந்தது, ஆவணம் வரவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு ஏழு பக்கத்தை இரண்டு பக்கமாகச் சுருக்கி, தேதிவாரியாக எழுதி, பில், சம்மரி, கடித நகல், அட்டை நகல் எல்லாம் வைத்துக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருந்தது, அது இருக்க வேண்டும் என்பதும் விதிதான்.

புகாரின் நகல் டாக்டருக்குப் போய், அவர் பதில் எனக்கு வந்தது. "எழுத்துமூலமாக யாரும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தார். கூடவே, ஆபரேஷன் நோட்ஸ் எல்லாம் இருக்கும், அத்தனை நாள் கிடைக்காத கேஸ் ஷீட்டின் ஜெராக்ஸ்! மூன்றாம் பக்கத்தில் மெஷ் பெட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், கம்பெனி பெயர், அளவு, லாட் எண் எல்லாம் அச்சில். ஓரம் மட்டும் கொஞ்சம் மடங்கியிருந்தது. திருச்சி டாக்டர் கேட்டது இந்த ஒரு ஸ்டிக்கரைத்தான்.

விசாரணைக்கு 2023-ல் நானும் அப்பாவும் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை கோயம்பேட்டில் இறங்கினோம், கவுன்சில் ஆபீஸ் இருக்கும் அரும்பாக்கம் அங்கிருந்து பக்கம்தான். டாக்டர்களே டாக்டரை விசாரித்தால் நமக்கு என்ன கிடைக்கும் என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார், எனக்கும் அதே பயம். எதிரே டாக்டர் வக்கீலோடு உட்கார்ந்திருந்தார், அதற்கு விதியில் இடம் உண்டு. எழுத்துமூலம் கேட்கவில்லை என்று அவர் மறுபடி சொன்னதும் ஒப்புகை அட்டையை நீட்டினேன். குழுவில் ஒரு பெரியவர் வாங்கி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சீலில் இருந்த தேதியை வாய்விட்டுப் படித்தார். அப்புறம் டாக்டரைப் பார்த்து, "இன்னொரு சர்ஜன் உயிரைக் காப்பாத்தக் கேட்டிருக்காருய்யா, குடுக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றார். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை என்று உத்தரவு வந்தது. குறிப்பிட்ட காலத்துக்கோ ஒரேயடியாகவோ பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு, நாங்கள் அதைக் கேட்கவில்லை. நஷ்டஈடு கவுன்சில் வாங்கித் தராது, அதற்கு நுகர்வோர் ஆணையம்தான், அதுவும் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் மனதை அரிக்கிறது. 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-வது பிரிவில், கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் இருக்கிறது. புகார் கொடுத்த நோயாளி பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. பழைய 2002 விதிகளில் கவுன்சில் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளில் மேலே போகலாம் என்று இருந்தது. எங்களுக்கு அந்தக் கதவு தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது திறந்திருக்க வேண்டும், சட்டத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டும்.