கேட் புவி இயற்பியல்: அடுக்குக் கணக்கை அடியிலிருந்து தொடங்குங்கள்

முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் புவி இயற்பியல் தாளில் தேறிவிட்டேன். கோச்சிங் போகாமல் மன்னார்குடியில் வீட்டிலிருந்தே படிக்க முடியுமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். முடியும். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். வீடியோக்களும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் எனக்குப் போதுமாக இருந்தன. எங்கள் பக்கம் இந்தப் பாடத்தின் பேரைச் சொன்னாலே, "வயல்ல குழாய் இறக்கப் போறியாம்மா?" என்பார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் உள்ள நரிமணமும் குத்தாலமும் பக்கத்திலேயே இருக்க, அந்தக் கேள்வி நியாயம்தான். 2020-இல் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகும் அந்தப் பயம் முழுசாகப் போகவில்லை. எனக்குப் பிடித்தது கடலுக்குள் ஒலி போகும் விதம்.

தேர்வு முறை உங்களுக்குத் தெரியும். எனக்குக் கைகொடுத்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன்: அடுக்குகளின் எல்லையில் ஒலி எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் எதிரொலிப்புச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். இரண்டு திரவங்கள் சந்திக்கும் எல்லையில் நிபந்தனைகள் இரண்டுதான். ஒலி அழுத்தம் இருபக்கமும் சமம். எல்லைக்குச் செங்குத்தான துகள் வேகம் இருபக்கமும் சமம். திடப்பொருள் வந்தால் குறுக்கலையும் (துகள்கள் அலை போகும் திசைக்குக் குறுக்கே ஆடும் அலை) சேர்ந்துகொள்ளும். அதனால்தான் முதலில் திரவத்தில் கை பழக வேண்டும்.

அடர்த்தியை ஒலி வேகத்தால் பெருக்கினால் இம்பீடன்ஸ், அதாவது ஒலிக்கு ஊடகம் காட்டும் எதிர்ப்பு. காற்றுக்குச் சுமார் 415, தண்ணீருக்குச் சுமார் 15 லட்சம். காற்றிலிருந்து தண்ணீருக்கு நேராக இறங்கும் ஒலியின் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் உள்ளே போகும் ஆற்றல் 0.1 சதவீதம்தான். இரண்டும் சரி. ஆற்றல் என்பது அழுத்தத்தின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் வகுப்பது. இம்பீடன்ஸ் 3,500 மடங்கு கூடியதை மறந்தவர்களுக்குத்தான் இது முரணாகத் தெரியும். கொடுக்கப்பட்ட விடைகளில் இரண்டு எண்ணும் இருந்தால், கேட்டிருப்பது அழுத்தமா ஆற்றலா என்று கேள்வியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று அடுக்கு வந்தால் மேலிருந்து தொடங்கவே கூடாது. நடு அடுக்குக்குள் அலை மேலும் கீழும் போய்ப்போய் வரும். கூட்டிக்கொண்டே போனால் நேரம் தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் அடுக்குக்கு முடிவில்லை என்று கொள்வதால், அதில் திரும்பி வரும் அலை கிடையாது. கணக்கில் சந்தேகமில்லாத ஒரே இடம் அதுதான். அதன் இம்பீடன்ஸை எடுத்து, நடு அடுக்கின் தடிமன் வழியாக மேலே கொண்டுவாருங்கள். தடிமன் கால் அலைநீளம் என்றால், நடு இம்பீடன்ஸின் வர்க்கத்தை அடி இம்பீடன்ஸால் வகுத்தால் போதும். இம்பீடன்ஸ் மேலே 1.5, நடுவில் 3, அடியில் 6 என்று வையுங்கள். 9-ஐ 6-ஆல் வகுத்தால் 1.5, மேலடுக்கின் இம்பீடன்ஸும் அதுவே. எதிரொலிப்பு பூஜ்ஜியம்! தடிமன் அரை அலைநீளம் என்றால் நடு அடுக்கு இல்லாதது போலவே கணக்கு வரும். எனக்கு இது புரிந்த அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

நம் ஊரை வைத்தே கணக்கு உருவாக்கிப் போடுங்கள். கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத்தண்ணீர் கீழேயும் நிற்பதாகக் கொள்ளுங்கள். மேலே அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ, ஒலி வேகம் நொடிக்கு 1500 மீட்டர். கீழே 1025, 1540. நேராக இறங்கும் ஒலியில் 0.1 சதவீதம்கூடத் திரும்பாது. அதே ஒலி செங்குத்துக் கோட்டுக்குச் சுமார் 77 டிகிரிக்கு மேல் சாய்ந்து வந்தால் முழுவதும் திரும்பிவிடும். நேராகப் பார்த்தால் இல்லாத எல்லை, சாய்ந்து பார்த்தால் சுவர். இந்த ஒரு கணக்கில் ஸ்நெல் விதியும் (எல்லையைத் தாண்டும் ஒலி எந்தக் கோணத்தில் திரும்பும் என்பது) மாறுநிலைக் கோணமும் (இங்கே அந்த 77 டிகிரி) சேர்ந்தே வந்துவிடும்.

அடுக்குகள் மெல்ல மெல்ல மாறினால் ஒலி வளையும், எப்போதும் வேகம் குறைந்த பக்கமாக. மார்கழி விடியலில் பக்கத்து ஊர்க் கோயில் திருப்பாவை வயல் தாண்டித் தெளிவாகக் கேட்கிறதே, காரணம் இதுதான். ராத்திரி தரை குளிர்ந்து கீழ்க்காற்றில் ஒலி வேகம் குறைந்துவிடும். மேலே போன ஒலி திரும்பக் கீழே வளையும். நடுப்பகலில் எல்லாம் தலைகீழ். ஆழ்கடலிலும் விதி அதுவே: மேலே வெப்பத்தால் வேகம், அடியில் அழுத்தத்தால் வேகம், நடுவில் வேகம் குறைந்த ஒரு தடம். ஒலி அதை விட்டு வெளியேறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

மற்றவை சுருக்கமாக:

- கடல்மட்டத்தில் கீழிருந்து மோதும் அலை தலைகீழாகத் திரும்பும், எதிரொலிப்புக் கெழு (வந்த அழுத்தத்துக்குத் திரும்பும் அழுத்தத்தின் விகிதம்) ஏறக்குறைய −1. ஹைட்ரோஃபோன் (தண்ணீருக்குள் வைக்கும் மைக்) 7.5 மீட்டர் ஆழத்தில் இருந்தால், நேர் கீழிருந்து வரும் 100 ஹெர்ட்ஸ் ஒலி அழிந்துபோகும். ஏன் என்று படம் போட்டுப் பாருங்கள்.
- மாதிரித் தேர்வுகளைக் குவிக்காதீர்கள். நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கை மூன்று வழியில் போடுவதே மேல்.
- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. விடியற்காலை, தனியாக, கையால் எழுதிப் படியுங்கள்.
- திரையில் வரும் கால்குலேட்டரில் டிகிரியா ரேடியனா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்நெல் விதிக்கு டிகிரி. அலை எண்ணை (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) தடிமனால் பெருக்கி சைன் எடுக்கும்போது ரேடியன்.