அம்மா நேர்ந்தது, நான் செலுத்தியது

எனக்கு ஆபீசர் பதவி உயர்வு கிடைத்தால் வேளாங்கண்ணியில் மாதா குளம் வரை முழங்காலில் வருவதாக அம்மா நேர்ந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஆர்டர் வந்த அன்று ராத்திரிதான் சொன்னார். இரண்டு முட்டியும் தேய்ந்து, தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிற உடம்பு அது. நான் செய்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "சரி, நீ முட்டி போடு. நான் பக்கத்துலயே நடந்து வாரேன். ரெண்டையும் மாதா ஒண்ணாச் சேத்துக்கிருவாங்க" என்றார்.

திண்டுக்கல்லில் பூக்கட்டி என்னைப் படிக்க வைத்தவர். வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தபோதே எங்கள் தெருவுக்கு அது பெரிய விஷயம். அதற்கு மேல் ஏற எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்காணல். விடியற்காலை எழுந்து, வங்கி ஊழியர்கள் எழுதும் ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்கான பாடங்களைப் படித்து முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு கேஷ் கவுண்டரில் உட்காருவேன். ஒரு நேர்காணலில், "சின்னப் பிள்ளைகளை விட்டுட்டு வெளி மாநிலம் போவீங்களா? உங்களுக்கு எதுக்கும்மா இது?" என்றே கேட்டார்கள். அந்த முறை பட்டியலில் என் பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து நான் அழுததைப் பார்த்துத்தான் அம்மா நேர்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை மாதா நவநாள் வழிபாட்டில் இந்தப் பதவி உயர்வுக்காக நான் செபிப்பதைக் கேட்ட பெரியவர் ஒருவர், பதவி கேட்டுச் செபிப்பது உலக ஆசை என்றார். செபதேயுவின் மக்களுடைய தாய் தன் பிள்ளைகளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்டதையும், நீங்கள் கேட்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியவில்லை என்று ஆண்டவர் சொன்னதையும் எடுத்துக் காட்டினார். பல நாள் அது மனதை அறுத்தது. ஒரு நாள் மத்தேயு நற்செய்தியைத் தொடர்ந்து வாசித்தபோது 27ஆம் அதிகாரத்தில் அந்தத் தாயை மறுபடியும் பார்த்தேன். சீடர்கள் ஓடிப்போன பிறகு, சிலுவை அடியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் அவரும் ஒருவர். தன் பிள்ளைகளுக்காகக் கேட்க வந்தவரை ஆண்டவர் விரட்டவில்லை. நான் குடிக்கப்போகும் துன்பக் கிண்ணத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்றுதான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டார். அந்தத் தாயும் கடைசிவரை கூடவே வந்தார். அதற்கப்புறம் எனக்குக் கேட்பதில் கூச்சம் போய்விட்டது. பூக்கூடை சுமந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு படி ஏறுவது ஆடம்பரமா? அது என் பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் வைத்தியம். அதை மாதாவிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

ஆகஸ்ட் 29 திருவிழாக் கொடியேற்றம் முடிந்து சில நாள் கழித்துப் புறப்பட்டோம். திருச்சி, தஞ்சாவூர் வழியாக ராத்திரிப் பேருந்து. அம்மா தன் கையால் கட்டிய மாலையை வாழை இலையில் சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்து, மடியிலேயே வைத்திருந்தார். நாகப்பட்டினம் தாண்டியதும் சாலை முழுக்கக் காவி உடுத்தி நடந்து வருகிற கூட்டம். வண்டி நகரவே இல்லை. இறங்கியதுமே ரூம் வேணுமா என்று தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் பையைப் பிடித்தே இழுத்தான். மெழுகுவர்த்திக்காரர்களும் மாலை விற்பவர்களும் விடவில்லை. வயதானவர்களைக்கூட இடித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்கள். மாதா வீட்டு வாசலிலா இப்படி? அம்மா மட்டும் கோபப்படாமல், "எங்கிட்ட இருக்குய்யா, நானே கட்டுனது" என்று ஒவ்வொருவரிடமும் மாலையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

மணல் பாதையில் முட்டி போட்டபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பாதி தூரத்துக்குள் தோல் உரிந்து மணல் ஒட்டிக்கொண்டது. அருள் நிறை மரியே என்று தொடங்குவேன், பாதியில் வார்த்தை நின்றுவிடும். அம்மா விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொல்வார். அவரும் நொண்டித்தான் நடந்துகொண்டிருந்தார். முன்னால் முட்டி போட்டுப் போனது தெலுங்குக்காரர்கள் கூட்டம். அதில் ஓர் அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, தன் துண்டை நனைத்து என் முன்னால் விரித்தார். அதன்மேல் ஊர்ந்து கடந்ததும் எடுத்து மறுபடியும் முன்னால் விரிப்பார். குளம் வரை அப்படியே வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் அழுதது அவருக்குப் புரிந்தது. எனக்குப் போஸ்டிங் போட்டிருப்பது ஆந்திராவில். பாஷை தெரியாத ஊரில் என்ன செய்யப்போகிறேன் என்று ஆர்டர் வந்த நாள் முதல் தூக்கமில்லாமல் கிடந்தேன். கிண்ணம் என்று ஆண்டவர் கேட்டது எனக்கு இந்த இடமாற்றம்தான் என்று நினைத்திருந்தேன். அந்த ஊர்க்காரரையே அனுப்பி என் முட்டிக்குக் கீழே துண்டு விரிக்க வைத்தார் மாதா. இதைத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பேராலயத்துக்குள் தரிசனம் சில நொடிதான். புயலில் பிழைத்துக் கரையேறிய போர்ச்சுகீசியர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதித்திருக்கின்றன. அதை நின்று பார்க்கக்கூட நேரமில்லை, நகருங்க நகருங்க என்கிறார்கள். பட்டுச் சேலையில், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி, கிரீடத்தோடு தாய் நிற்கிறார். கோயிலில் உதடு மட்டுமே அசைக்கிற என் அம்மா அன்றைக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கூட்டியாந்துட்டேன் தாயே, சொன்னபடி கூட்டியாந்துட்டேன்" என்றார். நகரச் சொன்ன தொண்டர் தம்பி கை நீட்டி மாலையை வாங்கி, மாதாவின் காலடியில் வைத்தார். ஒரு பூகூட வாடியிருக்கவில்லை.

காணிக்கைக் காட்சியகத்தில் எத்தனை வீட்டு உருவங்கள், தொட்டில்கள், நன்றிக் கடிதங்கள்! படிப்புக்காகவும் வேலைக்காகவும் நன்றி சொல்லி வைத்தவையும் அவற்றில் உண்டு. என் ஆர்டரின் நகலையும் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். கூடவே, என்னோடு தேர்வு எழுதி இந்த முறை கிடைக்காமல்போன தோழியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் போட்டிருக்கிறேன். அவளுக்கும் இரங்கும் தாயே. துண்டு விரித்த அந்த அக்காவின் குடும்பத்தை ஆசீர்வதியும். என் அம்மாவின் முட்டிக்குச் சுகம் தாரும். இடமாற்றத்துக்கும் நன்றி, காத்திருந்த வருடங்களுக்கும் நன்றி. அடுத்த வாரம் பணியில் சேர்கிறேன் மாதாவே, கூடவே வாரும்.