படியேற முடியாதவரை மாடிக்கு வரச் சொல்கிறார்கள்

"ஆளை நேரில் அழைத்து வாருங்கள், விரல் ரேகை வைக்க வேண்டும்" என்று அந்த அலுவலர் தலை நிமிராமலே சொன்னார். நான் அம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு 25 விழுக்காடு என்று அதில் இருக்கிறது. நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்க வேண்டும். தசை தளர்ந்துகொண்டே போகும் நோய் இது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தாலே அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது. அப்படிப்பட்டவரை லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மாடிக்கு ஏறி வரச் சொல்கிறார். "எல்லாருக்கும் இதே விதிதான்" என்றார். அறிக்கையைத் தொடக்கூட இல்லை. எந்த அலுவலகம் என்று எழுத விரும்பவில்லை. கோபம் மட்டும் இன்னும் தீரவில்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்காகத்தான் இந்த அலைச்சல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், வந்துவிட்டது. சிக்கல் பெயரில்தான். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது, குடும்ப அட்டையில் முதலெழுத்தோடு சுருக்கமாக இருந்தது. அதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் வரிசையில் நின்றபோதே ஒருவர் பார்த்துச் சொல்லியிருந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். விண்ணப்பிக்கும் முன் ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் வேண்டுமென்றால் அதை முதலில் முடியுங்கள். திட்டத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

மாடிப்படிக்கு வருகிறேன். 'நோயாளியால் படியேற இயலாது, மாற்று ஏற்பாடு வேண்டும்' என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, எக்கோ நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். எழுத்தில் கேட்டதும் பேச்சு மாறியது. கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "நான் கீழே வருகிறேன் அக்கா" என்று எழுந்தார். கருவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கே வந்தார். அம்மா இருக்கையிலிருந்து இறங்கவே இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா, "நல்லா இரு கண்ணு" என்றார். வாயால் கெஞ்சாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

அட்டை வந்ததும் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அது உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைகள் நம் கையிலிருந்துதான். மருத்துவரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி, மக்கள் மருந்தகத்தில் கேட்கத் தொடங்கியபின் செலவு குறைந்தது.

மருந்துக்கடை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கு என்று தம்பி போய்க் கேட்டபோது, இதய நோயாளி என்று சொல்லியும், ஒரு கடைக்காரர் டைக்ளோஃபெனாக் மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். சில நாளில் அம்மாவின் கணுக்கால் வீங்கியது, இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். எங்களைக் காப்பாற்றியது எடை நோட்டு. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்து எழுதச் சொல்லியிருந்தார் வேலூர் மருத்துவமனைச் செவிலியர். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் காத்திருக்காமல் கூப்பிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார். கூப்பிட்டோம். தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள், படுக்கையில் சேராமலே சரியானது.

ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தியது அம்மாவுக்குப் பெரிய வருத்தம். சோடியம் குறைந்த உப்பு நல்லது என்று ஒரு பாக்கெட்டைப் பக்கத்து வீட்டார் கொண்டுவந்தார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது. உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தாகலாம். கோடையில் இளநீரும் அப்படித்தான். மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

இத்தனை கட்டுப்பாடும் எதற்காக? அம்மா பிறந்தது குடியாத்தம். வைகாசி முதல் நாள் அங்கே அம்மனின் சிரசு, அதாவது தலை, ஊர்வலமாக வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்றார். உறவுக்காரர்கள் எல்லாரும் வேண்டாம் என்றார்கள். செவிலியர் மட்டும், "எப்படிப் போவது என்று பார்ப்போம்" என்றார். இந்த நோய் முழுதாகக் குணமாகாது, இருக்கும் நாட்களை அவர் விரும்பியபடி வாழ வைப்பதும் சிகிச்சைதான் என்று அவர் சொன்னதை எந்த மாத்திரைச் சீட்டிலும் நான் பார்த்ததில்லை. காலை நீர் மாத்திரையை அன்று மட்டும் வீடு திரும்பியபின் போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுச் சொன்னார். இது எங்களுக்குச் சொன்னது, நீங்கள் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். விடியும் முன் கிளம்பி, சிரசு வரும் தெருவிலிருந்த அத்தை வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வெயில் ஏறும் முன் திரும்பிவிட்டோம். மறுநாள் எடை கூடவில்லை.

எடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா கேட்கச் சொல்பவற்றை எழுதி வைக்கிறேன். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு இருக்கின்றன: ஃப்ளூ தடுப்பூசி எப்போது போடலாம், திருப்பத்தூரில் பெரியம்மா வீட்டில் நான்கு நாள் தங்கிவிட்டு வரலாமா.