சென்னை – லண்டன் கப்பல் தபால்: பழைய உறைகளில் தாமதத்தைக் கண்டுபிடிப்பது

பழைய தபால் உறை ஒன்று கைக்கு வந்தால், அது எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். முன்பக்கத்துச் சென்னை முத்திரையின் தேதியையும் பின்பக்கத்து லண்டன் முத்திரையின் தேதியையும் எடுத்துக் கழித்தால் விடை கிடைத்துவிடும். 45 என்று வரும், அல்லது 50. அந்த எண்ணோடு நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. 1840கள், 1850களின் உறைகளைத் தொடர்ந்து பார்த்துவரும் எங்களுக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: தாமதம் பெரும்பாலும் கப்பல் ஓடிய நாட்களில் இல்லை, ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே மூட்டை காத்துக்கிடந்த நாட்களில்தான் இருக்கிறது. அக்காலத்தில் கடிதம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அவர்கள் செய்த ஏற்பாடுகள் எல்லாம் இந்த இடைவெளியை மனத்தில் வைத்துச் செய்தவைதான்.

முதலில் வழியைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1843 முதல் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து சென்னை, இலங்கையின் காலி, ஏடன் வழியாகச் சூயஸ் வரை ஓடின. சூயஸில் இறக்கிய தபால் ஏறத்தாழ 135 கிலோமீட்டர் பாலைவனத்தை ஒட்டக முதுகில் கடந்து கெய்ரோ போகும். அங்கிருந்து நைல் நதிப் படகு, பிறகு மஹ்மூதியா கால்வாய், கடைசியில் அலெக்சாந்திரியாவில் மத்தியதரைக் கடல் கப்பல். இத்தனை கைமாற்றத்தில் எங்கே ஒரு நாள் பிசகினாலும் அடுத்த இணைப்பு ஆட்டம் காணும். 1853 வரை கல்கத்தா வழித்தடத்தில் மாதத்துக்கு ஒரு கப்பல்தான். சென்னையில் ஒரு மணி நேரம் பிந்திய கடிதம் அதே வழித்தடத்தில் போவதானால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கடிதத்துக்குள் எழுதிய தேதிக்கும் சென்னை முத்திரைக்கும் இடையே மூன்று வாரம் இருந்தால் எழுதியவர் சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. கப்பல் நாளுக்காகக் கடிதத்தை மேசையில் வைத்திருந்து, கடைசி நாளில் செய்தி சேர்த்து முடித்திருப்பார். பின்குறிப்புகளில் வேறு தேதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சென்னையில் இன்னொரு சிக்கல் இருந்தது. அப்போது அங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் திறந்த கடலில் நங்கூரமிடும். தபால் மூட்டை மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த கரையோரப் படகில் அலைகளைத் தாண்டிப் போக வேண்டும். அலை மிஞ்சிவிட்டால் மசூலாவும் இறங்காது. அந்த நேரத்தில் கட்டுமரக்காரர்கள் தங்கள் கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு நீந்தியும் துடுப்புப் போட்டும் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தபால் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது எங்கள் கருத்து. முத்திரைத் தேதிக்கும் கப்பல் கிளம்பிய தேதிக்கும் இடையே ஓரிரு நாள் உதைத்தால், முதலில் வானிலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இனி உறையின் மேலே கையால் எழுதிய வழிக்குறிப்பு. ‘வயா மார்செய்ல்ஸ்’ என்று இருந்தால் பிரான்ஸ் வழி. ‘வயா சவுத்தாம்ப்டன்’ என்றால் ஜிப்ரால்டரைச் சுற்றி முழுக்கக் கடல்வழி. மார்செய்ல்ஸ் வழி சில நாட்கள் முந்தும். ஆனால் பிரெஞ்சுக் கட்டணம் சேர்வதால் கால் அவுன்ஸுக்கு ஒரு கட்டணப் படி என்று விலை ஏறும். சவுத்தாம்ப்டன் வழியில் அரை அவுன்ஸுக்கு ஒரு படி. மெல்லிய தாளில் எழுதி, பின் அதே பக்கத்தைத் திருப்பி வைத்துக் குறுக்காகவும் எழுதிய கடிதங்கள் கிடைப்பது இந்த எடைக் கணக்கால்தான். வழிக்குறிப்பு அனுப்பியவரின் விருப்பத்தை மட்டுமே சொல்லும். உண்மையில் எந்த வழியாகப் போனது என்பதை லண்டன் முத்திரைத் தேதியும், உறைமேல் தபால்காரர்கள் குறித்த கட்டண எழுத்தும் சேர்ந்துதான் சொல்லும். குறிப்பை மட்டும் நம்பி வழியை முடிவு செய்வதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

வணிகர் கடிதங்கள் இன்னும் வளமானவை. அவர்கள் ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் இட்டார்கள். முதல் வரியிலேயே தம் முந்தைய கடிதத்தின் தேதியையும் அது போன கப்பலின் பெயரையும் சொல்லி, எதிர்த்தரப்பின் எந்தக் கடிதம் வரை வந்து சேர்ந்தது என்பதையும் எழுதினார்கள். முக்கியமான கடிதத்தின் நகலை அடுத்த கப்பலில் அனுப்பினார்கள். ஒரு தொடர் முழுதாகக் கிடைத்தால், எந்தக் கப்பலின் தபால் எப்போது கைக்கு வந்தது என்பதை அந்த முதல் வரிகளைக் கொண்டே அட்டவணையாக்கிவிடலாம்.

உண்டியல்களிலும், அதாவது வெளியூரில் பணம் தரச் சொல்லி வணிகர் எழுதும் சீட்டுகளிலும், இதே ஏற்பாடுதான். ஒரே தொகைக்கு முதல், இரண்டாம், மூன்றாம் என மூன்று படிகள் (பிரதிகள்) எழுதி வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஒன்றுக்குப் பணம் கொடுத்தால் மற்றவை செல்லாது என்று ஒவ்வொரு படியிலும் எழுதியிருக்கும். எனவே இரண்டாம் படி கையில் கிடைத்தால் முதல் படி கடலில் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கப்பல் பத்திரமாகச் சேர்ந்திருந்தாலும் இரண்டாம் படி வழக்கம்போலப் பின்னால் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். இன்னொரு பயன்: பல உண்டியல்களின் கெடு, லண்டனில் அதைப் பணம் தர வேண்டியவரிடம் காட்டிய நாளிலிருந்துதான் தொடங்கும். அதனால் அதை ஏற்றுக்கொண்ட அவர் குறுக்கே கையெழுத்திட்டுத் தேதி போட்டிருப்பார். தபால் முத்திரை மங்கிப்போன இடத்தில் அந்தத் தேதி பெரிய துணை.

கப்பல் உடைந்த தபாலுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. 1858 பிப்ரவரியில் ‘ஆவா’ என்ற கப்பல் திருகோணமலைக்கு அருகே பாறையில் மோதியது. 1862 நவம்பரில் ‘கொலம்போ’ என்ற கப்பல் மினிக்காய்த் தீவில் மோதியது. அதிலிருந்து மீட்ட கடிதங்களுக்கு, கொலம்போவின் சேதத்திலிருந்து காப்பாற்றப்பட்டவை என்று ஆங்கில முத்திரை குத்தி அனுப்பினார்கள். உப்புநீரில் ஊறியதால் தபால்தலை உரிந்து போயிருக்கும், மை பரவியிருக்கும். தலை இல்லாத உறை என்று ஒதுக்கிவிடாமல் முத்திரைக்காகத் திருப்பிப் பாருங்கள். மலிந்த போலிகளும் இங்கேதான் வரும். மீட்பு முத்திரை தெளிவாகவும் தாள் நீர்க்கறை இல்லாமலும் இருந்தால் வாங்காதீர்கள்.

உறையில் உளியால் வெட்டியதுபோல் இரண்டு சிறு கீறல்கள் இருந்தால் கிழிசல் என்று ஒட்டிவிடக் கூடாது. கிழக்கிலிருந்து வந்த தபாலைக் கொள்ளைநோய்ப் பயத்தால் மத்தியதரைத் துறைகளில் கீறிப் புகையூட்டினார்கள். சில இடங்களில் காடியில் (வினிகரில்) நனைத்தார்கள், அதன் பழுப்புக் கறை இன்றும் தெரியும்.

கப்பல் தேதிகளைச் சரிபார்க்க அக்காலச் செய்தித்தாள்களின் கப்பல் பத்தியே முதல் ஆதாரம். வந்தது, கிளம்பியது இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அறிவித்த தேதியை மட்டும் எடுத்தால் கணக்கு தவறும். உறையின் ஆண்டையும் கவனியுங்கள். 1858க்குப் பிறகு கெய்ரோ–சூயஸ் ரயில் வந்துவிட்டதால் ஒட்டகக் கணக்கு பொருந்தாது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தும், பல ஆண்டுகள் விரைவுத் தபால் எகிப்தில் ரயிலில்தான் போனது. அதைக் கால்வாய் வழியாகப் போனதாக எழுதிவைப்பதை ஏல விவரங்களில் அடிக்கடி காணலாம். 1870இல் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்த பின், வணிகர்கள் அவசரச் செய்தியைத் தந்தியில் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிந்திய கடிதத் தொடர்களில், தந்தியில் சொன்னதை உறுதிப்படுத்தும் வரிகளைத் தேடுங்கள். தபால் வந்த நாளைக் கணக்கிட அவைதான் உதவும்.