அம்மா சொன்ன ‘பத்து வருஷம்’

2019 பிப்ரவரியில் திருச்சியில் அப்பாவுக்கு, இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி நடந்தது. இரண்டு ஸ்டெண்ட். நடுராத்திரி அவசரப் பிரிவில் இருந்த பயிற்சி டாக்டர் “பிபி இருக்கா, எவ்வளவு நாளா?” என்று கேட்டிருக்கிறார். பதற்றத்தில் நின்ற அம்மா, “அது ஆச்சு, ஒரு பத்து வருஷமா...” என்று இழுத்திருக்கிறாள். அம்மாவுக்கு எல்லாமே பத்து வருஷம்தான். வீட்டுக்குக் கடைசியாக வெள்ளையடித்ததும் பத்து வருஷம், மாமா கோயம்புத்தூர் போனதும் பத்து வருஷம். கேஸ் ஷீட்டில் ‘கே/சி/ஓ ஹெச்டிஎன், 10 வருடம்’ என்று, அதாவது பத்து வருடமாகத் தெரிந்த பிபி நோயாளி என்று, ஏறிவிட்டது. அங்கிருந்து அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போனது.

அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுத்தது 2014-ல். பிபி மாத்திரை தொடங்கியது 2016-ல். அந்த ஒரு வரியை வைத்துப் பார்த்தால், அப்பா நோயை மறைத்துப் பாலிசி எடுத்தவர்.

இத்தனைக்கும் நான் இந்தத் துறைக்காரன். 2003-ல் அரசுப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் க்ளெய்ம் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தேன். 2007 ஜனவரி 1 அன்று தீ, இன்ஜினீயரிங், (மூன்றாம் நபர் காப்பீடு தவிர்த்த) மோட்டார் பாலிசிகளுக்கான கட்டண விகிதங்களைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று ஆனது. அதுவரை டாரிஃப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துக் கட்டணம் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் கோட்டு போட்ட இளைஞர்கள் லேப்டாப்போடு எங்கள் மீட்டிங் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். எங்களிடமே கேள்வி கேட்டு, நாங்கள் சொன்ன பதிலையே வண்ணப் படமாக்கி எங்கள் சேர்மனுக்குக் காட்டினார்கள். மூன்று வருடம் அதைப் பார்த்துவிட்டு 2010-ல் நானும் அந்தப் பக்கம் தாவினேன்.

கன்சல்டன்ட் வேலை என்றால் என்ன என்று அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். சரியாகச் சொல்லத் தெரிந்ததில்லை. திங்கள் காலை விமானத்தில் மும்பை, வியாழன் இரவு திரும்பல். ஒரு க்ளெய்ம் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, எங்கே தூங்குகிறது என்று உட்கார்ந்து எண்ணுவது. இன்று இருப்பதை ஒரு படம், நாளை இருக்க வேண்டியதை ஒரு படம். நடுவில் உள்ள தூரத்துக்குத்தான் எங்களுக்குப் பணம்.

அந்தப் படங்களில் எப்போதும் ஒரு சாய்சதுரப் பெட்டி இருக்கும்: ‘ஆவணங்கள் முழுமையா?’ இல்லை என்றால் அம்புக்குறி ‘கொரி’ (query), அதாவது கூடுதல் ஆவணம் கேட்கும் கடிதம், என்ற பெட்டிக்குப் போகும். அப்போதிருந்த ஒழுங்குமுறை விதிப்படி, தேவையான கடைசி ஆவணம் வந்து சேர்ந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும் அல்லது மறுக்க வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வட்டி. ‘கடைசி ஆவணம்’ என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு கொரி போகும்போதும் கடிகாரம் நிற்கும், பதில் வந்ததும் முதலிலிருந்து ஓடும். தேவையானதை ஒரே தடவையில் கேட்க வேண்டும், தவணை தவணையாகக் கேட்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் வேலை கெடுவுக்குள் முடிகிறதா என்று மேலதிகாரிகளுக்குக் காட்டும் மாதாந்திர டாஷ்போர்டில் பச்சையா சிவப்பா என்று தெரியுமே தவிர, ஒரு க்ளெய்முக்கு எத்தனை கொரி போனது என்று தெரியாது. எனக்குத் தெரியும், அந்த மாதிரி டாஷ்போர்டு இரண்டு நான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி, அப்பா சேர்ந்த இரவே மறுக்கப்பட்டது. கையிலிருந்து 2,86,000 ரூபாய் கட்டி அப்பாவைக் கூட்டிவந்தோம். மார்ச்சில் அசல் பில்களோடு க்ளெய்ம் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் முதல் கொரி: வார்டில் எழுதிய கேஸ் பேப்பர் முழுவதும் வேண்டும். திருச்சிக்குப் போய், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் கவுண்டரில் பணம் கட்டி, 64 பக்கம் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். அடுத்த கொரி: ஸ்டெண்ட் ஸ்டிக்கர் வேண்டும். ஸ்டெண்ட் வரும் அட்டைப்பெட்டியில் தொடர் எண்ணோடு ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டு அது. அந்த 64 பக்கத்தில் 41-ஆம் பக்கத்திலேயே இரண்டும் ஒட்டியிருந்தன. வட்டமிட்டு மறுபடி அனுப்பினேன். மூன்றாவது கொரி: பிபிக்கு முதன்முதலில் டாக்டரைப் பார்த்த சீட்டு.

இங்கேதான் கொஞ்சம் தடுமாறினேன். 2016-ல் பாபநாசத்தில் பார்த்த டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. யார் வைத்திருப்பார்கள்? அப்பா வைத்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மின்சாரக் கட்டண ரசீதுகளையே வருடவாரியாகக் கம்பியில் குத்தி வைப்பவர். சீட்டின் தேதி அழியாமல் இருந்தது. அனுப்பினேன். மே மாதம் மறுப்புக் கடிதம் வந்தது: நோயை வெளிப்படுத்தாததால் க்ளெய்ம் நிராகரிக்கப்படுகிறது. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு பெரிய அதிகாரியை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர். வெட்கத்தை விட்டு ஒருநாள் கூப்பிட்டேன். அவர் வேறு கம்பெனிக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்றுதான் இப்போது தோன்றுகிறது. சிபாரிசில் பணம் வந்திருந்தால், அப்பாவின் பெயரில் ‘மறைத்தவர்’ என்ற வரி அப்படியே இருந்திருக்கும்.

முறைப்படி முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். எழுதினேன். அதே மறுப்பு, வேறு கையெழுத்து. கம்பெனி மறுபடி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது. அப்போது உச்சவரம்பு 30 லட்சம், இப்போது 50 லட்சம். ஆம்பட்ஸ்மன் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போக வழி இருக்கிறது.

புகாரை எழுத உட்கார்ந்தபோது என் தொழில் புத்தி முதலில் கெடுதல்தான் செய்தது. விதி எண்களெல்லாம் போட்டு ஒன்பது பக்கம் எழுதினேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, “இதுல எனக்கு எப்ப பிபி வந்துச்சுன்னே இல்லையேடா” என்றார். கிழித்துப் போட்டுவிட்டு, தேதிகள் மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதினோம்.

தொழில் புத்தி உதவியது ஒரே ஓர் இடத்தில். பாலிசி எடுத்தபோது அப்பாவுக்கு வயது 63. அந்த வயதில் பாலிசி கேட்டால் கம்பெனியே ஒரு லேபுக்கு அனுப்பிப் பரிசோதிக்கும். பாலிசியை ஏற்றுக்கொண்டால் அந்தச் செலவில் குறைந்தது பாதியைக் கம்பெனி தர வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்த ரிப்போர்ட் நம் கைக்குப் பெரும்பாலும் வராது, கம்பெனி ஃபைலில் தூங்கும். அப்பாவுக்கும் 2014-ல் அப்படி ஒரு பரிசோதனை நடந்தது, பாதிப் பணம் திரும்பி வந்தது பாஸ்புக்கில் இருந்தது. புகாரில் ஒரு வரி சேர்த்தேன்: அந்த ரிப்போர்ட்டைக் கம்பெனி கொண்டுவர வேண்டும்.

அக்டோபரில் தேனாம்பேட்டை அலுவலகத்தில் விசாரணை. கோர்ட் மாதிரி எதுவும் இல்லை, ஒரு நீள மேஜை. எதிரே கம்பெனி அதிகாரி ஒருவர், அவர்களுடைய டாக்டர் ஒருவர். எங்கள் முறை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆம்பட்ஸ்மன் அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, “இந்தப் பத்து வருடத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியைத் தவிர வேறென்ன ஆதாரம்?” என்றார். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். உள்ளே 2014 ரிப்போர்ட் இருந்தது, அவர்கள் அனுப்பிய லேபில் எடுத்ததுதான்: பிபி 128/80, நோய் என்று சொல்லும் அளவில் இல்லை. அவரே அதைப் படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பாவமாக இருந்தது. கேஸ் பேப்பரில் ‘10’ என்று பார்த்தால் அவர் வேறென்ன எழுதுவார், ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் முடிக்க வேண்டும் என்று எவனோ ஒரு கன்சல்டன்ட் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பான்.

நவம்பரில் தீர்ப்பு. கையுறை, ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரிச் சில்லறைகளைக் கழித்து 2,71,400 ரூபாய். டிசம்பரில் அப்பா கணக்கில் ஏறியது.

விதிகள் அதற்குப் பிறகு நிறைய மாறிவிட்டன. 2024 முதல், தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில் மோசடியை நிரூபித்தால் தவிர, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம் என்றும் கெடு வந்திருக்கிறது. ஆனாலும் அட்மிஷனில் டாக்டர் எழுதுவதை நின்று படித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இப்போது அம்மா எந்த டாக்டரிடமும் வருடக்கணக்கு சொல்வதில்லை, “அவரையே கேளுங்க” என்கிறாள்.

தீர்ப்பு வந்ததற்கு அடுத்த வருடம் வேறொரு கம்பெனியின் க்ளெய்ம் ப்ராஜெக்டில் இருந்தேன். டாஷ்போர்டில் கடிகாரம் கொரிக்கு நிற்கக் கூடாது, முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று ஒரு ஸ்லைடு போட்டேன். ஆபரேஷன்ஸ் தலைவர் ரசித்துப் பார்த்தார். “நல்ல ஐடியா, இரண்டாம் கட்டத்தில் வைத்துக்கொள்வோம்” என்றார். இரண்டாம் கட்டத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை.